புள்ளி முதலில்

தமிழ் டைப்ரைட்டரில் ‘அம்மா’ என்று அடிக்க, முதலில் அ. அடுத்தது ம என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, புள்ளி. புள்ளிக்குரிய விசையைத் தட்டினால் கேரியேஜ் நகராது. காகிதத்தில் புள்ளி மட்டும் விழும். அதன் கீழே இடம் காலியாக இருக்கும். பிறகு ம-வைத் தட்டினால் அது புள்ளிக்கு அடியில் போய் உட்கார்ந்து ம் ஆகும். அப்புறம் இன்னொரு ம, ஒரு கால். நகரா விசை என்று இதற்குப் பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா, தமிழ் எழுத்துகள் அத்தனையையும் ஒரு சின்ன விசைப்பலகைக்குள் அடக்கக் கண்ட உபாயம் அது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கும். என்னிடம் படிக்க வந்த பெரியவர்களை வாரக்கணக்கில் தவிக்கவைத்ததும் அதே விசைதான்.

பதினேழு வயதுப் பிள்ளைகள் அதை ஒரு வாரத்தில் தாண்டிவிடுவார்கள். நாற்பது வயதுக்காரர்கள் அங்கேயே நிற்பார்கள். ஏன் என்ற கேள்வி என் வேலை முழுக்கக் கூடவே வந்தது.

1985-இல் மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பக்கம் ஒரு மாடி இன்ஸ்டிடியூட்டில் டீச்சராகச் சேர்ந்தேன். ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ் என்று சுவரோரமாக வரிசையாக மெஷின்கள். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச். ஆளுக்கு ஒரு மணி நேரம். ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ ஒரு பக்கம், ‘யளனகபக’ ஒரு பக்கம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தேர்வு. தேர்வுக்கு முதல் நாள் மெஷின்களை மீன்பாடி வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்துக்கு அனுப்புவோம். பிள்ளைகள் தங்கள் மெஷினை அடையாளம் வைத்துக்கொண்டு வண்டி பின்னாலேயே ஓடுவார்கள்.

பள்ளி முடித்த பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் காலை ஆறு மணி பேட்ச் வேறு மாதிரி. அதில் வருகிறவர்கள் யார் கண்ணிலும் படாமல் படிக்க விரும்பிய பெரியவர்கள். பதவி உயர்வுக்குத் தேர்ச்சி தேவைப்பட்ட குமாஸ்தாக்கள், வேலை போனவர்கள், கணவரை இழந்த பெண்கள்.

1990 வாக்கில் அப்படி ஓர் அக்கா வந்தார். அரசு ஊழியராக இருந்த கணவர் இறந்துபோனார். கருணை அடிப்படையில் வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தது, டைப் பாஸ் செய்தால். அவருக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு இருபத்தெட்டு. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். சுவரைப் பார்த்திருக்கும் கடைசி மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டார். யாரும் பின்னால் வந்து நின்றால் அவர் விரல் அப்படியே நின்றுவிடும்.

விரல்கள் பலகையில் ஒழுங்காகப் பழகிவிட்டன. புள்ளியில்தான் சிக்கல். அவர் ம-வை அடித்துவிட்டுத்தான் புள்ளியை அடிப்பார். ம அடித்ததும் கேரியேஜ் ஓர் இடம் தள்ளிப் போய்விடும். புள்ளி அடுத்த இடத்தில் விழும். அங்கே அடுத்த ம வந்து உட்காரும். ‘அம்மா’ என்பது ‘அமம்’ என்று ஆகி, அதற்குப் பிறகு தனியாக ஒரு கால் நிற்கும். பக்கம் முழுக்க இப்படி. ஒருநாள் தாளை உருவி மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, “எனக்கு வயசாயிடுச்சு டீச்சர், மண்டையில ஏறாது” என்றார்.

அன்றைக்கு நானும் அப்படித்தான் நம்பினேன். வயசானால் ஏறாது. ஆனால் அவருக்கு இதில் தோற்க வழியில்லை, எனக்கும் அவரைத் திருப்பி அனுப்ப மனமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாள் அவர் கையை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அவருக்கு எதுவும் ஏறாமல் இல்லை. ஏற்கெனவே ஏறியிருந்ததுதான் குறுக்கே நின்றது. முப்பது வருடமாகக் கடிதமும் கணக்கும் பால் நோட்டும் எழுதிய கை அது. எழுத்தைப் போட்டுவிட்டுப் புள்ளி வைப்பது அந்தக் கைக்கு மூச்சு விடுவது மாதிரி. பதினேழு வயதுக் கைக்கு அந்தப் பழக்கம் அவ்வளவு இறுகியிருக்கவில்லை, அதனால் சீக்கிரம் வளைந்தது.

மெஷினை மூடச் சொன்னேன். ஒரு வாரம் நோட்டில் பேனாவால் எழுதச் சொன்னேன், புள்ளியை முதலில் வைத்துவிட்டு அதற்குக் கீழே எழுத்து. வாயால் சொல்லிக்கொண்டே. “புள்ளி, ம. புள்ளி, க. புள்ளி, த.” விசித்திரமாக இருந்தது என்றார், வீட்டில் பையன் சிரிக்கிறான் என்றார். எட்டாம் நாள் மெஷினுக்குத் திரும்பினோம். தப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் தப்பு விழும் முன்பே அவர் விரல் ஒரு நொடி தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் இவர் பாஸ் செய்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த ஆகஸ்டில் லோயர் பாஸ் செய்தார்.

இதே மாதிரி ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. பதினைந்து வருடமாக இரண்டு விரலால் மனு அடித்தவர். நல்ல வேகம். பத்து விரலுக்கு மாறிய முதல் வாரமே வேகம் பாதியாகிவிட்டது. கோபத்தில் வராமல் நின்றுவிட்டார். தப்பு என்னுடையது. மாறினால் முதலில் வேகம் விழும், ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் பழைய வேகத்தைத் தாண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் பிறகு வந்த எல்லாரிடமும் முதல் நாளே சொல்கிறேன்.

2001-இல் மந்தைவெளியில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினேன். 2006-இல் தி. நகரில், பயிற்சி ஆசிரியர்களுக்காக நடந்த இரண்டு நாள் பட்டறைக்குப் போனேன். அங்கேதான் ‘லேர்னிங் ஸ்டைல்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர், சிலர் கையால் செய்துபார்த்துக் கற்பவர். ஆளின் வகையைக் கண்டுபிடித்து அந்த வகையில் சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறும் என்றார்கள். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1992-இல் வெளியிட்ட ‘வார்க்’ வினாத்தாளும், அமெரிக்கரான டேவிட் கோல்ப் 1984-இல் எழுதிய அனுபவக் கற்றல் சக்கரமும் பாடத்தில் இருந்தன. பட்டறை முடிந்து பனகல் பார்க் வழியாக நடந்து வரும்போது எனக்கு அழுகை வந்தது. இருபது வருடமாக எத்தனை பேரை அவரவர் வகை தெரியாமல் வாட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

அடுத்த மாதமே மாலை பேட்சுக்கு வினாத்தாள் கொடுத்தேன். மூன்றாகப் பிரித்தேன். கண் வகைக்கு விசைப்பலகைப் படமும் வண்ண அட்டையும். காது வகைக்கு நான் வாயால் சொல்லச் சொல்லச் செய்வது. கை வகைக்கு எந்த விளக்கமும் இல்லாமல் நேராக மெஷின். மூன்று மாதம் உழைத்தேன், ஞாயிற்றுக்கிழமையும் அட்டை வெட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கண் வகைக்காரர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டே அடிக்கப் பழகிவிட்டார்கள். டைப்பிங்கில் அதைவிடப் பெரிய கேடு இல்லை. பார்க்காமல் அடிப்பதுதான் பாடமே. காது வகைக்காரர்கள் என் குரல் நின்றால் தாங்களும் நின்றார்கள். கை வகைக்காரர்கள் விளக்கம் கிடைக்காமல் ஆளுக்கொரு தப்பு விரலில் அழுத்தமாகப் பழகினார்கள். மூன்று மாதம் கழித்து அதே வினாத்தாளை மறுபடி கொடுத்தபோது பலருக்கு வகையே மாறியிருந்தது. புது இடத்துக்கு வழி தெரிய மேப் பார்ப்பீர்களா, ஆளைக் கேட்பீர்களா, நடந்து பார்ப்பீர்களா என்று அதில் ஒரு கேள்வி. தி. நகரில் ஒருவர் இதற்கு என்ன பதில் எழுத முடியும்? பூக்காரம்மாவைக் கேட்போம், அவர் கை காட்டிய கடைப் பெயர்ப் பலகையைத் தேடுவோம், நடப்போம். மூன்றும் ஒரே நேரத்தில்தான்.

இதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறு. “மேடம், நான் விஷுவல். படிச்சா எனக்கு ஏறாது” என்றார் ஒரு பெண். கம்ப்யூட்டர் கையேட்டைப் புரட்டக்கூட மறுத்துவிட்டார். சுவரோர மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா சொன்ன அதே ‘ஏறாது’. இந்தமுறை அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தது நான்.

சில வருடம் கழித்து, கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்க அடையாறிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்தார். உளவியல் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மறு வாரம் இரண்டு அச்சுப் பிரதி கொண்டுவந்தார். ஒன்று, பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் உடன் இருந்தவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. அதில் அவர்கள் 71 விதமான ‘கற்கும் பாணி’ வகைப்பாடுகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். எழுபத்தொன்று! நான் மூன்றை நம்பி ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டிருந்தேன். இன்னொன்று, ஹால் பாஷ்லரும் மூன்று சக உளவியலாளர்களும் 2008-இல் எழுதிய கட்டுரை.

பாஷ்லர் குழு கேட்டது எளிய கேள்வி. வாசிக்கும்போது நாமே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். இந்தக் கொள்கை உண்மையென்றால் அதை எப்படி நிரூபிப்பது? கண் வகை, காது வகை என்று ஆட்களை முதலில் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையிலும் பாதிப் பேருக்குப் படத்தாலும் பாதிப் பேருக்குச் சொல்லாலும், சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கற்பிக்க வேண்டும். கடைசியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு. கண் வகைக்குப் படம் கூடுதலாக உதவி, காது வகைக்குச் சொல் கூடுதலாக உதவினால்தான் கொள்கை நிற்கும். இப்படி முறையாகச் செய்த ஆய்வுகளே மிகக் குறைவு, அவற்றில் பலவும் கொள்கைக்கு எதிராகவே வந்தன என்று எழுதியிருந்தார்கள். ஆட்களுக்கு விருப்பம் உண்டு, அதை அவர்கள் மறுக்கவில்லை. விருப்பப்படி கற்பித்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

அந்தக் கொள்கையை ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரியவர்கள் அதை ஏன் கட்டிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் மக்கு என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரோடு நாற்பது வருடம் வாழ்ந்தவரிடம், ‘உங்களிடம் குறை இல்லை, உங்களுக்குச் சொன்ன விதம்தான் சரியில்லை’ என்று முதன்முதலாக ஒருவர் சொல்கிறார். அது சாதாரண ஆறுதல் இல்லை. பட்டறையிலிருந்து நான் அழுதுகொண்டு வந்ததும் அதனால்தான். ஆறுதல் சரி. அதற்குச் சொன்ன காரணம் தவறு. அந்தக் கொள்கை ‘நான் மக்கு’ என்ற சீட்டைக் கிழித்துவிட்டு ‘நான் விஷுவல்’ என்று இன்னொரு சீட்டை நெற்றியில் ஒட்டுகிறது.

கற்கும் வழியைத் தீர்மானிப்பது ஆளின் வகை இல்லை, கற்கும் பொருள்தான். இதை நம் ஊர் எப்போதோ அறிந்திருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளை மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டு எழுத்தைச் சொன்னது. கண், காது, கை மூன்றும் ஒரே வேலையில். எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-இல் அதைப் பற்றி எழுதிய பிறகு அவருடைய முறைக்கு இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவித் தடவிப் பழகச் சொன்னார். தடவுகிற வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொல்லவில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும்.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் வேலை செய்த என் தோழி ஒருத்தி அடிக்கடி சொல்வாள். 1991-இல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பழகிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டினார்கள். சைக்கிளைக் காதால் கற்றவர் யாரும் இல்லை. அவர்களை நிறுத்தியது எந்தப் புலனும் இல்லை, ‘பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா’ என்று வேடிக்கை பார்த்த தெரு. நாலு பேர் சேர்ந்து ஓட்டியபோது அது தானாக விலகியது. இதைக் கேட்டபோது சுவரோர மெஷின் என் நினைவுக்கு வந்தது.

பெரியவர்களுக்குக் கற்பிப்பது தனிக் கலை என்று 1970-இல் புத்தகம் எழுதிய அமெரிக்கர் மால்கம் நோல்ஸ், பெரியவரின் அனுபவம்தான் அவர் கொண்டுவரும் பெரிய செல்வம் என்றார். உண்மைதான். ஆனால் அந்த அனுபவம் இரு பக்கமும் வெட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது. அதில் ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. புள்ளியைத் தட்டவே வேண்டாம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் கம்ப்யூட்டரே வைத்துவிடும். டைப்ரைட்டரே தொடாத புதியவர்கள் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார்கள். தடுமாறியவர்கள் ஹையர் பாஸ் செய்த என் பழைய மாணவர்கள். ‘புள்ளி முதலில்’ என்று பாடுபட்டு அவர்கள் விரலில் ஏற்றியவள் நான். இப்போது நானே அதை இறக்க வேண்டியிருந்தது.

பேராசிரியை தந்த பிரதிகளை வாசித்ததிலிருந்து யார் வந்தாலும் வினாத்தாள் கொடுப்பதில்லை. இதற்கு முன் இதைப்போல எதைச் செய்து பழகியிருக்கிறீர்கள், காட்டுங்கள் என்பேன். கையைப் பார்ப்பேன்.

இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள், கற்க வருவது செல்போன். வந்ததும் நோட்டை நீட்டி “வரிசையா எழுதிக் கொடுத்துடுங்கோ” என்பார்கள். முன்பு எழுதிக் கொடுத்தேன். நோட்டு இருந்தால்தான் போன் என்று ஆகிவிட்டது. பேராசிரியை எனக்குச் சொன்ன இன்னொரு ஆய்வு ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் செய்தது. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது, இன்னொரு குழு வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தால் வாசித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால், நல்ல வித்தியாசத்தில். நம் வீட்டுப் பாட்டிகள் “புஸ்தகத்தை மூடிட்டுச் சொல்லு” என்றது இதைத்தான். இப்போது நான் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. போனை அவர்கள் கையிலிருந்து வாங்குவதும் இல்லை. மறுநாள் வந்ததும் நேற்றுச் செய்ததை அவர்களையே எழுதச் சொல்வேன். விட்டுப்போன படியில் பேனா நிற்கும். நின்ற இடத்தில் நானும் பொறுத்திருப்பேன். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு மிகவும் கடினமானது அந்தப் பொறுத்தல்தான்.

சென்ற வருடம் எழுபத்தொரு வயது மாமி ஒருவர் வந்தார். போனில் பணம் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். அனுப்புவதை நாலு நாளில் கற்றுக்கொண்டார், தெற்கு மாட வீதிப் பூக்காரரிடம் தானே ஸ்கேன் செய்தார். வாங்குவதில்தான் என் வயிறு கலங்கியது. நான் ஒரு ரூபாய் அனுப்பினால், வந்த செய்தியைப் பார்த்ததும், “பின் நம்பர் எங்கே போடணும்?” என்பார். பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டாம், யாராவது கேட்டால் அது திருட்டு என்று எத்தனை முறை சொல்லியும் மறுநாள் அதே கேள்வி. மறதி இல்லை. மற்றதெல்லாம் சுத்தமாக நினைவிருந்தது.

“பணம் வாங்கறச்சே இதுவரைக்கும் என்னெல்லாம் பண்ணியிருக்கேள் மாமி?” என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார். குடும்பப் பென்ஷன் வாங்கப் பாங்கில் கையெழுத்து. மணியார்டர் வந்தால் தபால்காரர் நீட்டும் தாளில் கையெழுத்து. ரேஷனில் அரிசி வாங்கக் கைநாட்டு மெஷினில் விரல். ஐம்பது வருடமாக எதைக் கையில் வாங்கினாலும் கையெழுத்துப் போட்டவர். பின் நம்பரும் கையெழுத்துதான் என்று முதல் நாள் அவருக்குச் சொன்னது நான். அவர் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்.

அந்தச் சொல்லை மாற்றினேன். பின் நம்பர் கையெழுத்து இல்லை மாமி, உங்கள் இரும்புப் பெட்டிச் சாவி. எடுத்துக் கொடுக்கத்தான் சாவி வேண்டும். உண்டியலில் காசு போட வருகிறவருக்குச் சாவி எதற்கு? கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் கேட்கவில்லை. நாலு நாள் விட்டு, ஒரு மத்தியானம், சொல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

“டீச்சர், ஒரு ரூபா வந்திருக்கு. நான் ஒண்ணும் பண்ணலை. சும்மா பார்த்துண்டு இருந்தேன்.”